கம்பின் சத்தத்தைக் கேளுங்கள்: வேலூரில் சிலம்பம் கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் வாத்தியார் திரும்பிப் பார்க்காமலே தப்பைக் கண்டுபிடிப்பார். மைதானத்து ஓரத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் காலடி சொல்லிக்கொண்டிருப்பார். முதுகு எங்கள் பக்கம் இருக்கும். பின்னால் நாங்கள் பத்துப் பேர் கம்பு சுற்றுவோம். திடீரென்று குரல் வரும்: "இன்னாம்மா, மனசு வீட்டுக்குப் போயிடுச்சா?"

அது எனக்குத்தான். அந்த நொடியில் நான் உண்மையிலேயே வீட்டில்தான் இருந்தேன், கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று யோசித்துக்கொண்டு. அவருக்கு எப்படித் தெரிந்தது என்பது எனக்குப் பல மாதங்கள் விளங்கவில்லை. சிலம்புதல் என்றால் ஒலித்தல். கம்பு காற்றைக் கிழிக்கிற ஒலியால்தான் சிலம்பம் என்று பெயர் வந்தது என்பார்கள். கவனத்தோடு சுற்றும்போது அந்த 'விர்... விர்...' ஒரே சீராக வரும். மனம் நழுவியதும் மணிக்கட்டு அரை நொடி தாமதிக்கும், சத்தம் உடையும். வாத்தியார் காதில் விழுந்தது அந்த உடைசல்தான்.

நான் மருந்துக்கடையில் பில் போடுகிறவள். 36 வயதில், மகனை வகுப்புக்குக் கூட்டிப் போன இடத்தில், போனைப் பார்த்தபடி மர நிழலில் நிற்பதற்குப் பதிலாகக் கம்பை எடுத்தேன். ஏழு வருஷம் ஆகிறது. சண்டை போடக் கற்றுக்கொண்டேனா என்று கேட்டால் ஓரளவுக்குத்தான். ஆனால் நிற்கிற இடத்தில் முழுசாக நிற்க, செய்கிற வேலையில் முழுசாக இருக்கக் கற்றுக்கொண்டு வருகிறேன். அதற்காக வருகிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பெரியவர்களான பிறகு தொடங்குகிறவர்களை மனதில் வைத்திருக்கிறேன், ஆனால் பிள்ளைகளைச் சேர்க்க நினைக்கிற பெற்றோருக்கும் பெரும்பகுதி உதவும்.

வாத்தியாரைத் தேடுவது

நம் பக்கத்தில் கம்பு சொல்லிக் கொடுப்பவரை வாத்தியார் என்போம். வயதானவர்கள் வஸ்தாது என்றும் சொல்வார்கள். இப்போதைய பிள்ளைகளுக்கு மாஸ்டர். பெயர் எதுவானாலும், புத்தகத்தையோ வீடியோவையோ வைத்துச் சிலம்பம் வராது. உங்கள் பின்னங்கால் எங்கே நிற்கிறது என்று உங்களுக்கே தெரியாது, அதைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

திருவிழாக் காலம் தேடுவதற்கு நல்ல நேரம். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள் நடக்கும். அம்மன் சிரசு ஊர்வலம் வரும்போது முன்னால் புலியாட்டமும் சிலம்பாட்டமும் போகும். அங்கே போய் நின்று ஆடுகிறவர்களைப் பாருங்கள். பிடித்த ஆட்டக்காரரிடம், "உங்க வாத்தியார் யாரு?" என்று கேட்டால் மகிழ்ச்சியாகச் சொல்வார்கள். வேலூருக்குள் என்றால் காலையில் ஐந்தரை மணிக்கு எழுந்து மைதானங்களைச் சுற்றி வந்தாலே போதும்.

அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு இட ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்ந்திருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் காட்சி விளையாட்டாகவும் இடம்பெற்றது. இதனால் கலைக்கு நல்ல காலம் வந்திருக்கிறது, பிள்ளைகள் நிறையப் பேர் வருகிறார்கள். கூடவே சான்றிதழையும் மெடலையும் முதல் நாளே பேசுகிற வகுப்புகளும் வந்திருக்கின்றன. போட்டிக்குப் போவது தப்பே இல்லை. ஆனால் நீங்கள் தேடுவது கவனத்தை என்றால், பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வாரம் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். வகுப்பிலேயே மெதுவாகக் கற்கிற பிள்ளையிடம் வாத்தியார் எப்படிப் பேசுகிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். அந்தப் பிள்ளையை மற்றவர்கள் முன் கேலி செய்கிற இடத்தில் சேராதீர்கள். அங்கே பிள்ளைகள் பயத்தைத்தான் கற்பார்கள், பயந்த மனம் எப்போதும் அடுத்த நொடியில்தான் இருக்கும்.

இன்னொன்றும் பாருங்கள். புதியவர்கள் கையில் முதல் நாளே கம்பைக் கொடுக்கிறாரா, காலைத் திருத்துகிறாரா? காலைத் திருத்துகிறவரிடம் சேருங்கள். வெற்றிலை பாக்கு, பழம், உங்களால் முடிந்த தட்சணை வைத்துக் கும்பிட்டுத் தொடங்குவது நம் பழக்கம். எங்கள் வகுப்பில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகள் எல்லாரும் இருக்கிறார்கள். யார் எப்படி வணங்கினாலும், மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உள்ளே வருவோம்.

இதய நோய், ரத்த அழுத்தம், முதுகுத்தண்டு அல்லது முழங்கால் பிரச்சினை இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். வாத்தியாரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கம்பு

நேராக நின்றால் தரையிலிருந்து உங்கள் புருவம் வரை வர வேண்டும். பெரும்பாலான பெரியவர்களுக்கு அது நாலரை அடியிலிருந்து ஐந்தரை அடிக்குள் இருக்கும். கையால் சுற்றிப் பிடித்தால் விரல் நுனிகள் உள்ளங்கையைத் தொட வேண்டும். தொடாவிட்டால் உங்கள் கைக்கு அது தடிமன், பத்து நிமிடத்தில் முன்கை கடுத்துவிடும்.

பிரம்பு வளைந்து கொடுக்கும், எடையும் குறைவு. தொடக்கத்துக்கு நல்லது. மூங்கிலில் கணுக்கள் நெருக்கமாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே துளை இல்லாத கல்மூங்கில் கனமானது, அதை முதல் வருஷம் தொட வேண்டாம். மூங்கில் மண்டியில் கம்பைத் தரையில் உருட்டிப் பாருங்கள். வளைந்த கம்பு துள்ளித் துள்ளி உருளும், நேரானது சத்தமில்லாமல் ஓடும். பச்சை மூங்கிலை வாங்கி வந்தால் நிழலில் சில வாரங்கள் படுக்க வைத்து உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் வெடித்துவிடும். கணுக்களைச் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ தடவுங்கள். மாதம் ஒருமுறை தடவினால் போதும்.

ஒவ்வொரு நாளும் எடுக்கும்போது முழுக் கம்பையும் உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்ப்பது என் பழக்கம். சிலும்பு இருக்கிறதா, கீறல் விட்டிருக்கிறதா என்று பார்க்கத்தான் தொடங்கினேன். நாளாக ஆக, அந்தத் தடவலிலேயே மனம் மைதானத்துக்கு வந்துவிடுகிறது.

நேரமும் இடமும்

வேலூர் வெயிலைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மே மாதம் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டுகிற ஊர். அதனால் காலை ஐந்தரையிலிருந்து ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். மாலையில் என்றால் ஆறு மணிக்கு மேல். சுற்றியிருக்கிற பாறை மலைகள் பகலில் குடித்த சூட்டை ராத்திரி வரை கக்கும், அதனால் கத்திரி வெயில் நாட்களில் மாலைப் பயிற்சியைப் பாதியாகக் குறைத்துவிடுவது நல்லது.

தரை மண்ணாக இருக்கட்டும், வெறுங்காலோடு இருங்கள். பாலாற்று மணலில் பயிற்சி செய்தால் கெண்டைக்காலுக்கும் கணுக்காலுக்கும் வரும் பலம் தனி. ஆனால் அங்கே வேலிகாத்தான் முள் இருக்கும், உடைந்த கண்ணாடியும் இருக்கும், முதலில் நடந்து பார்த்துப் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது எங்கள் மணல் திட்டே காணாமல் போனது. அடுத்த இரண்டு மாதமும் நான் மொட்டை மாடியில், கம்பில்லாமல், காலடி மட்டும் செய்தேன். பின்னால் யோசித்தால் என் கால் சரியானதே அந்த இரண்டு மாதத்தில்தான்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. துப்பட்டாவை வீட்டிலேயே வைத்துவிட்டு, டிராக் பேண்டும் தொளதொளப்பில்லாத டிஷர்ட்டும் போட்டு வாருங்கள். வளையல், மோதிரம் வேண்டாம். தாலிச் சங்கிலியை உள்ளே போட்டுப் பின் குத்திக்கொள்ளலாம். பார்க்கிறவர்கள் முதல் வாரம் பார்ப்பார்கள். அப்புறம் அவரவர் வாக்கிங்கைத் தொடர்வார்கள்.

முதல் மண்டலம்: கால்

ஒரு மண்டலம், அதாவது 48 நாள், கம்பைப் பற்றி யோசிக்காதீர்கள். கம்பு இல்லாமல் இத்தனை நாளா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்று யாராவது சொன்னால், இதைத்தான் கைகாட்டுவேன்.

முதலில் நிலை. இடது கால் முன்னால், வலது கால் ஒன்றரை அடி பின்னால், பாதம் சற்று வெளியே திரும்பி. இரண்டு முழங்காலும் லேசாக மடங்கட்டும். எடை இரண்டு காலுக்கும் பாதிப் பாதி. தோளைத் தளரவிடுங்கள், தாடையையும். இப்படியே ஐந்து நிமிடம் நில்லுங்கள். அவ்வளவுதான்.

இந்த ஐந்து நிமிடத்தில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். முதல் நிமிடம் சுலபம். இரண்டாவது நிமிடத்தில் தொடை எரியும். மூன்றாவதில் மனம் வேறு எதையாவது தேடி ஓடும். பால் பாக்கெட், பள்ளி ஃபீஸ், நேற்று யாரோ சொன்ன சொல். அது ஓடும்போது உடம்பும் சத்தமில்லாமல் நிமிர்ந்துவிடும், எடை முழுக்கப் பின்னங்காலுக்குப் போய்விடும். அதைக் கண்டுபிடித்து, முழங்காலை மடக்கி மறுபடி நிலைக்கு இறங்குங்கள். கண்டுபிடிக்கிற அந்த நொடிதான் பயிற்சி. ஒரு நாளில் இருபது முறை நழுவி இருபது முறையும் திரும்பி வந்தால், அன்றைக்கு நன்றாகச் செய்தீர்கள் என்று அர்த்தம்.

அடுத்தது நாலு திசைக் காலடி. கோலமாவில் தரையில் பெரிய கூட்டல் குறி போடுங்கள். நடுவில் நின்று முன்னால் ஓர் அடி, திரும்ப நடுவுக்கு. பின்னால் ஓர் அடி, நடுவுக்கு. வலது, நடு. இடது, நடு. ஒவ்வொரு முறையும் முதலில் பாதத்தின் முன்பகுதி மண்ணைத் தொட்டு, அப்புறம் எடை இறங்க வேண்டும். தலை மேலும் கீழும் ஆடக் கூடாது, தலையில் தண்ணீர்க் குடம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இதில் பழகியபின் திரும்புதல்: பாதத்தின் முன்பகுதியை அச்சாக வைத்து அரைவட்டம் திரும்பி, பின்னால் இருந்த திசைக்கு முகம் காட்டுவது. முழங்காலைத் திருகாதீர்கள், பாதத்தைத் திருப்புங்கள். முழங்கால் வலி வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தப்பு செய்கிறார்கள்.

வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு அர்ச்சுனன் தபசு தெரியும். உயரமான தபசு மரத்தில், வேஷம் கட்டியவர் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவார். கீழே ஊரே அண்ணாந்து பார்க்கும், உச்சியிலிருந்து விழும் எலுமிச்சம்பழத்துக்கும் விபூதிக்கும் மடியேந்தி நிற்கும். என் வாத்தியார் எங்களை ஒரு முறை கூட்டிப்போய், "மேல பாக்காத, அவரு பாதத்தைப் பாரு" என்றார். ஒவ்வொரு படியிலும் பாதம் பதிந்து, நின்று, உறுதியான பிறகுதான் அடுத்த கால் எழுந்தது. பாட்டு விடவே இல்லை. அவசரமும் இல்லை. காலடிப் பயிற்சி என்றால் எனக்கு இன்றைக்கும் அந்தப் பாதம்தான் ஞாபகம் வரும்.

கை வருவது அப்புறம்

கம்பின் நடுவை வலது கையால் பிடியுங்கள். எவ்வளவு இறுக்கம்? சுடச்சுடக் கேழ்வரகுக் களியை உருண்டை பிடிக்கும்போது கையை எப்படி வைத்துக்கொள்வோமோ அப்படி. அழுத்தினால் சுடும், விட்டால் விழும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வளையமாகக் கம்பைத் தாங்கட்டும், மற்ற மூன்று விரலும் திறந்து மூடித் திறந்து மூடி வரட்டும். புதியவர்கள் எல்லாரும் ஈரத்துணியைப் பிழிகிற மாதிரிப் பிடிப்பார்கள். "கை இன்னும் இறுக்கமா கீதுமா" என்று வாத்தியார் என்னிடம் எத்தனை முறை சொன்னார் என்பதற்குக் கணக்கே இல்லை.

இப்போது முதல் வீச்சு. முன்முனை இடது பக்கமாகக் கீழே இறங்கி, பின்னால் சுற்றி மேலே வந்து, வலது பக்கமாகக் கீழே இறங்கி, மறுபடி மேலே வர வேண்டும். எட்டு என்ற எண்ணைப் படுக்கப் போட்டது போல. முதல் நாட்களில் கண்ணுக்குத் தெரிகிற அளவு மெதுவாகச் செய்யுங்கள். மணிக்கட்டுதான் வேலை செய்ய வேண்டும், முழங்கை உடம்பை ஒட்டியே இருக்கட்டும், தோள் சும்மா இருக்கட்டும். கம்பு காதிலோ கணுக்காலிலோ படுகிறதென்றால் பெரும்பாலும் முழங்கை வெளியே போயிருக்கும். பட்டால் உடனே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

வலது கையில் எத்தனையோ அத்தனை இடது கையிலும். பழக்கமில்லாத கையில் செய்யும்போது உடம்பு குழந்தை மாதிரி ஆகிவிடும், ஒவ்வோர் அசைவையும் யோசித்துத்தான் செய்ய முடியும். கவனம் பழக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பல் துலக்குவதைக்கூட நான் கொஞ்ச நாள் இடது கையில் செய்து பார்த்தேன்.

ஒற்றைக் கை சீரானதும் இரட்டைக் கை. கம்பின் அடிமுனையில் ஒரு சாண் விட்டுப் பின்கை, அதற்கு முன்னால் முன்கை. வெட்டு, குத்து, தடுப்பு எல்லாம் இந்தப் பிடியில் வரும். இவற்றின் பெயர்களும் வரிசைகளும் வாத்தியாருக்கு வாத்தியார் மாறும், உங்கள் வாத்தியார் சொல்கிற பெயரையே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் எங்கேயும் மாறாது: அடி காலிலிருந்து கிளம்பி இடுப்பு வழியாகக் கைக்கு வர வேண்டும். கை மட்டும் அடித்தால் சத்தம் மெலிந்து கேட்கும்.

மூச்சைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அடிக்கும்போது வெளியே விடுங்கள், திரும்பும்போது உள்ளே எடுங்கள், எந்த நிலையிலும் அடக்காதீர்கள்.

தசை சீக்கிரம் பலமாகும், அதை எலும்போடு கட்டுகிற தசைநாண் மெதுவாகத்தான் பலமாகும். மூன்றாவது மாதத்தில் 'இப்போது எவ்வளவு வேண்டுமானாலும் முடியும்' என்று ஒரு தெம்பு வரும். மணிக்கட்டு வலி தொடங்குவதும் அந்த மாதத்தில்தான். தெம்பு வந்த பிறகும் எண்ணிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகவே கூட்டுங்கள்.

நூறு வரை எண்ணுவது

கண்ணை மூடாமல், உட்காராமல், நின்றபடி செய்கிற தியானம் இது. படுத்த எட்டு வீச்சை ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே நூறு வரை செய்யுங்கள். இடையில் எண் மறந்தாலும், சத்தம் உடைந்தாலும், மறுபடி ஒன்றிலிருந்து. யாரும் பார்க்க மாட்டார்கள், யாரும் கேட்க மாட்டார்கள், உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நாற்பத்தேழா நாற்பத்தெட்டா என்று சந்தேகம் வந்தாலே ஒன்றிலிருந்துதான்.

எனக்கு முதல் நூறு கிடைக்க நாலு மாதம் ஆனது. முதல் வாரங்களில் முப்பதைத் தாண்டவில்லை. எண் போன ஒவ்வொரு முறையும் எங்கே போயிருந்தேன் என்று மட்டும் பார்த்துக்கொண்டேன். பயிற்சி முடிந்து ஒரு சின்ன நோட்டில் ஒரு வரி எழுதினேன். ஒரு மாதக் குறிப்பைப் புரட்டியபோது முக்கால்வாசி ஒரே இடம்: கடையில் என்னைக் குறைத்துப் பேசிய ஒருவரோடு மனதுக்குள் நடக்கிற வாக்குவாதம். அத்தனை காலையையும் அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த வாரமே அவரிடம் நேரில், குரல் உயர்த்தாமல், சொல்ல வேண்டியதைச் சொன்னேன். எண்ணிக்கை தானாக ஏறியது. நோட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று உங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

எதிரே ஒருவர்

ஆறு மாதத்துக்கு முன்னால் ஜோடிப் பயிற்சி வேண்டாம் என்பது என் கருத்து. வாத்தியார் வேறு மாதிரிச் சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள், உங்கள் காலை அவர்தான் பார்க்கிறார்.

வணக்கம் செய்து, கம்பு முனைகளைத் தொட்டுத் தொடங்குவது மரியாதைக்கு மட்டுமில்லை. எதிரில் இருப்பவர் எவ்வளவு தூரம், அவர் கம்பு எவ்வளவு நீளம் என்று உடம்பு அளந்துகொள்வதும் அந்த நொடியில்தான். முதலில் பேசி வைத்த அடிகள்: தலைக்கு ஒன்று, விலா இரண்டு பக்கமும், முழங்கால் இரண்டு பக்கமும். ஒருவர் அடிக்க, மற்றவர் தடுக்க, பிறகு மாற்றி. தலைக்கவசம், கைக்கவசம் கட்டாயம்.

கண்ணை எங்கே வைப்பது? கம்பு முனையைப் பார்த்தால் தாமதமாகிவிடும், அது அவ்வளவு வேகம். எதிராளியின் தொண்டைக்குழியை ஒட்டிய பகுதியைப் பாருங்கள். இரண்டு தோளும், இடுப்பும் அந்தப் பார்வைக்குள் வந்துவிடும். தோள் கிளம்பினால்தான் கம்பு கிளம்பும்.

பிறகு தொடுமுறை. பழைய காலத்தில் கம்பு முனையில் சாயமோ கரியோ தடவி ஆடுவார்கள், யார் உடம்பில் எத்தனை புள்ளி என்று எண்ணி வெற்றி சொல்வார்கள். நெற்றியில் பொட்டு வைக்கிற மாதிரி தொட்டுவிட்டு வருவதுதான் கெட்டிக்காரத்தனம். பலமாக அடிக்கத் தெரிந்தவரை விட மெல்லத் தொடத் தெரிந்தவரைத்தான் பெரியவர்கள் ஆட்டக்காரர் என்பார்கள்.

ஒருநாள் பதினாலு வயசுப் பையன் ஒருவன் என் விரல் முட்டியில் தட்டினான். சுளீர் என்று வலித்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அடுத்த மூன்று அடியும் நான் வேகமாகவே கொடுத்தேன், மூன்றையும் அவன் சுலபமாகத் தடுத்தான். வாத்தியார் ஆட்டத்தை நிறுத்தி, அவனிடம், "அக்கா எங்க அடிக்கப் போறாங்கன்னு எப்படிடா தெரிஞ்சுது?" என்றார். "தோள் மேல போச்சு வாத்தியாரே, மூச்சையும் அடக்கினாங்க" என்றான். எனக்குக் கோபம் வந்ததை என்னைவிட முன்னால் அவன் பார்த்திருக்கிறான். அன்றிலிருந்து, மைதானமோ வீடோ, தோள் ஏறுகிறதா என்று பார்க்கிற பழக்கம் எனக்கு வந்தது. ஏறினால் இறக்குகிறேன். கோபம் போய்விடாது, ஆனால் கைக்குக் கட்டளையிடுகிற இடத்தில் அது இருக்காது.

அடி, வீக்கம், தண்ணீர்

அடிபட்டால் துணியில் சுற்றிய ஐஸை பத்து, பதினைந்து நிமிடம் வையுங்கள். இரண்டு நாள் வெந்நீர் ஒத்தடமும் எண்ணெய் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம், வீக்கம் கூடும். விரலை மடக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். தலையில் அடிபட்டு வாந்தி, மயக்கம், தூக்கக் கலக்கம், குழப்பமான பேச்சு எது வந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

பயிற்சிக்கு முன்னால் வயிறு நிறையச் சாப்பிடக் கூடாது. முடிந்து வந்ததும் உப்புப் போட்ட நீராகாரமோ மோர் கலந்த கேழ்வரகுக் கூழோ எனக்கு ஒத்துப்போகிறது. வெயில் காலத்தில் தலை கிறுகிறுப்பு, குளிர்வது போல் மயிர்க்கூச்சம் வந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்தி நிழலுக்குப் போய்விடுங்கள். மாதவிடாய் நாட்களில் உடம்பு கேட்டால் செய்யலாம், கேட்காவிட்டால் காலடி மட்டும் செய்யலாம், அதுவும் முடியாவிட்டால் ஓய்வு. வாரத்தில் ஒருநாள் எப்படியும் ஓய்வு வேண்டும்.

மைதானத்துக்கு வெளியே

வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பு நெரிசலில் ஒரு சாயங்காலம் என் ஸ்கூட்டியை ஒருவர் பைக்கால் உரசிவிட்டு, என்னையே திட்டத் தொடங்கினார். நான் வண்டியை நிறுத்தி ஸ்டாண்ட் போட்டு இறங்கினேன். இறங்கியதும் கவனித்தேன்: இடது கால் முன்னால், வலது கால் பின்னால், முழங்கால் லேசாக மடங்கி, மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. கால் தானாகவே அங்கே போயிருந்தது. அவர் பேசி முடிக்கும்வரை கேட்டேன். "உங்களுக்கு எங்கயாவது அடிபட்டுச்சாண்ணா?" என்று கேட்டேன். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார், பின் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். பழைய நானாக இருந்தால் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்திருப்பேன், இல்லை நடுரோட்டில் கத்தியிருப்பேன்.

கடையில் கிடைத்த பலன் எனக்கு இதைவிடப் பெரியது. மருந்துப் பெயர்கள் ஒன்றுக்கொன்று ஓரெழுத்து வித்தியாசத்தில் இருக்கும். மாலை ஏழு மணிக் கூட்டத்தில், கை ஒரு அட்டையை எடுக்கும்போதே, உள்ளே கம்பின் சத்தம் உடைகிற மாதிரி ஓர் உணர்வு வருகிறது. நின்று மறுபடி சீட்டைப் படிக்கிறேன். இரண்டு முறை என் கையில் இருந்தது வேறு மருந்து. இரண்டு முறையும் வாங்க வந்தவர்களுக்கு எதுவும் தெரியாது, சரியானதை வாங்கிக்கொண்டு போனார்கள்.

இதெல்லாம் எத்தனை நாளில் வரும் என்று கேட்பவர்களுக்கு, என் கணக்கைச் சொல்கிறேன். தூக்கம் நன்றாக வர ஒரு மாதம். நிலை நிலைக்க மூன்று மாதம். நூறு கிடைக்க நாலு. கோபத்தில் தோள் ஏறுவதை நானே பார்க்க ஒரு வருஷத்துக்கு மேல். உங்களுக்கு முன்பின் ஆகலாம்.

வாத்தியாரைத் தேடுகிற பகுதியில் ஒன்றை வேண்டுமென்றே விட்டு வைத்தேன், இவ்வளவும் படித்தபின் சொன்னால்தான் விளங்கும். வகுப்பு நடக்கிற மைதானத்தில் ஒரு காலை கண்ணை மூடி ஐந்து நிமிடம் நில்லுங்கள். பத்துக் கம்பு சுற்றுகிற சத்தம் கலந்து கேட்கும். அதில் சிலது உடையும், சிலது தயங்கும். ஒன்று மட்டும் உடையாமல் வந்துகொண்டிருக்கும். கண்ணைத் திறந்து அது யார் கம்பு என்று பாருங்கள். சின்னப் பிள்ளையாகக்கூட இருக்கலாம். அந்தப் பிள்ளையின் வாத்தியாரிடம் போய், "எனக்கும் சொல்லித் தருவீங்களா?" என்று கேளுங்கள்.